மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் வேலைத்தளம்

எங்கள் தொழிற்சாலைக்குப் போன வருடம் இருபது வயது மதிக்கத்தக்க டொச்சுப் பெடியன் ஒருவன் வந்தான். நீல உடுப்பு, பாதுகாப்புச் சப்பாத்து, எங்களைப் போலவே கையெல்லாம் எண்ணெய். மூன்று மாதம் எனக்குப் பக்கத்து மெசினில் நின்றான். பிறகு ஆளைக் காணவில்லை. வேலையை விட்டுவிட்டான் என்றே நினைத்தேன். இன்னொரு மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். எங்கே போனாய் என்று கேட்டேன். "படிக்கப் போனேன்" என்றான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எம்மவருக்குப் பல்கலைக்கழகம் வேறு, தொழிற்சாலை வேறு. சாதாரணதரத்துடன் யுத்தம் என் படிப்பை நிறுத்திவிட்டது. என் பிள்ளையாவது கையில் எண்ணெய் படாமல் படிக்கவேண்டும் என்று நானும் மனைவியும் சொல்லாத நாளில்லை.

அவன் படிப்பதற்கு 'டுவாலஸ் ஸ்ரூடியம்' என்று பெயர். தமிழில் இரட்டைக் கல்வி எனலாம். 1972இல் ஸ்ருட்காட்டில் டைம்லர்-பென்ஸ், பொஷ், ஸ்ராண்டர்ட் எலெக்ட்ரிக் லோரென்ஸ் ஆகிய கொம்பனிகள் இந்த முறையை முன்வைத்தன. அபித்தூர் முடித்த பிள்ளைகளைத் தம் பக்கம் இழுப்பதே அவர்களின் நோக்கம். 1974இல் ஸ்ருட்காட்டிலும் மன்ஹைமிலும் இதற்கென அரச கல்விக்கழகங்கள் திறக்கப்பட்டன. 2009இல் அவை பாடன்-வூர்ட்டம்பேர்க் இரட்டை உயர்கல்வி நிறுவனமாக உயர்ந்தன. இன்று மற்ற மாநிலங்களிலும் இத்தகைய படிப்புகள் உண்டு.

பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் படிப்பு மூன்று வருடம். மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கொம்பனி என்று மாறி மாறி வரும். வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் கொம்பனி சம்பளம் கொடுக்கும். வேலைத்தளத்தில் செய்ததை அறிக்கையாக எழுதிக் கொடுக்கவேண்டும். அதுவும் படிப்பில் சேரும். முடிவில் கிடைப்பது பச்சலர் பட்டம்.

என் மெசினில் துண்டுகள் ஏன் அடிக்கடி இறுகுகின்றன என்று அந்தப் பெடியன் என்னிடம்தான் கேட்டான். இரும்புத்தூள் சேரும் இடத்தைக் காட்டினேன். அதையே அறிக்கையாக எழுதினான். பத்து வருடமாக என் கைக்குத் தெரிந்த விடயம் ஒரு பட்டப்படிப்பில் பாடமாகிவிட்டது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. முதலில் கொம்பனியுடன் ஒப்பந்தம் வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவருக்குள்ள நீண்ட விடுமுறை கிடையாது. தொழிலாளிக்குரிய லீவு மட்டுமே. அபித்தூர் இல்லாமல் பாக்கோக்சூல் தகுதி மட்டும் உள்ள பிள்ளைகளும் ஒரு தகுதிகாண் பரீட்சை எழுதிச் சேரலாம். பெண்பிள்ளைகள் வைத்திருப்போருக்கு இன்னொரு செய்தி: 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மருத்துவிச்சிப் படிப்பும் சம்பளத்துடன் கூடிய இரட்டைக் கல்வியாகிவிட்டது.

என் மகள் நாலாம் வகுப்பு. றியால்சூலே போதும் என்று ஆசிரியை சொன்ன அன்று மனைவி சாப்பிடவில்லை. பாதை அங்கே முடிந்துவிடவில்லை என்று இப்போது இருவருக்கும் தெரியும். கையில் எண்ணெய் படாமல் படி என்று மகளிடம் இனிச் சொல்லமாட்டேன்.