வீட்டு வாசலிலிருந்து கடலுக்கு

கடலோர நகரங்களில் குடியேறி வாழும் நம்மில் பலருக்குக் கடல் என்பது மாலை வேளையில் கரையில் நின்று காணும் காட்சி மட்டுமே. சொந்தப் படகில் குடும்பமாகக் கடலில் செல்வது செல்வந்தருக்கே உரியது என்று எண்ணுகிறோம். அமெரிக்காவில் அந்த எண்ணத்தை மாற்றிய படகுகளுள் ஒன்று ‘கேட்டலினா 22’. ஃபிராங்க் பட்லர் என்பவர் வடிவமைத்த இச்சிறு பாய்மரப் படகு 1969இல் கலிபோர்னியாவில் பிறந்தது. இதுவரை 15,000-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டுள்ளன. பட்லர் 2020இல் மறைந்தார். அவருடைய பழைய படகுகளோ இன்றும் கைமாறிக் கைமாறிப் பல குடும்பங்களைச் சுமந்து செல்கின்றன.

சிறிய படகு, பெரிய வசதி

ஃபைபர் கிளாஸால் ஆன இப்படகின் நீளம் சுமார் 21½ அடி. அகலம் 8 அடிக்கும் குறைவு. எடை ஏறத்தாழ 1,000 கிலோ. ஆகவே, தனி அனுமதி எதுவுமின்றி இதனை டிரெய்லரில் ஏற்றி, சற்று வலிமையான காரின் பின்னே நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லலாம். துறைமுகத்தில் நிறுத்த வாடகை தர வேண்டியதில்லை. வீட்டு முற்றமே போதும். நிமிர்ந்து நிற்க இயலாத சிறு அறைதான் எனினும், ஐவர் படுத்துறங்க அதில் இடமுண்டு. உணவு மேசையைத் தாழ்த்தினால் அதுவே இருவருக்குப் படுக்கையாகும்.

இரகசியம் அடியில் உள்ளது

காற்று பாயைத் தள்ளும்போது படகு பக்கவாட்டில் ஒதுங்காமலும் கவிழாமலும் இருக்க, அதன் அடியில் கனமான தகடு ஒன்று வேண்டும். ஆழமான தகடு கடலுக்கு நன்று. ஆனால் டிரெய்லருக்கும் ஆழமற்ற கரைக்கும் அது தடை. எனவே இப்படகுகள் பெரும்பாலானவற்றில் சுமார் 250 கிலோ எடையுள்ள இரும்புத் தகடு ஓர் அச்சாணியில் தொங்குகிறது. கைப்பிடியைச் சுழற்றினால் கம்பிவடம் அதனை மேலே மடக்கும். இறக்கிய நிலையில் படகுக்கு 5 அடி ஆழம் தேவை. மடக்கினால் 2 அடி போதும். கரையோரக் கழிமுகத்திலும் மணல்திட்டின் அருகிலும் குடும்பமாகச் சென்று வர இதுவே வழி செய்தது.

மலிவுக்குப் பின்னே மறைந்திருப்பது

நன்மை தரும் இந்த அமைப்பே பழைய படகின் மிகப் பலவீனமான இடமுமாகும். ஆண்டுக்கணக்கில் உப்புநீரில் ஊறிய கம்பிவடம் திடீரென அறுந்தால், தகடு வேகமாக விழுந்து படகின் அடிப்பகுதியைத் தாக்கக்கூடும். அச்சாணி தேய்ந்தால் தகடு இருபுறமும் ஆடும். அதன் துளையும் பெரிதாகும். கம்பிவடம் படகினுள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர்க் குழாய் வெடித்தால் கடல்நீர் உள்ளே வரும். புதிய வண்ணத்தையும் வெண்மையான பாயையும் கண்டு மகிழ்ந்து படகை வாங்குபவர் இவற்றைக் காண்பதில்லை. வடத்தின் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழு வடத்தையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. ஓட்டத்தில் அவ்வடம் அதிர்ந்து ‘ம்ம்’ என்று முரலும். அவ்வொலி மட்டும் அச்சத்திற்குரியதன்று.

கரையிலும் ஆபத்து உண்டு. ஏறத்தாழ 25 அடி நீளமுள்ள அலுமினியப் பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி செல்கிறதா என்று அண்ணாந்து பார்த்தல் வேண்டும். நிமிர்த்திய மரத்துடன் டிரெய்லரை நகர்த்தும்போதும் அப்படியே. அலுமினியம் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஒரு நொடிக் கவனக்குறைவு உயிரைப் பறித்துவிடும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டிரெய்லர்ச் சக்கரத்தை உடனே நீரில் இறக்கினால், அதன் உட்பகுதி குளிர்ந்து நீரை உறிஞ்சும், பேரிங் துருப்பிடிக்கும். சற்று ஆறவிட்டு இறக்குதல் நலம்.

பிள்ளைகளுடன் செல்லுகையில்

அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதிப்படி, ஓடும் படகின் மேல்தளத்தில் இருக்கும் 13 வயதுக்குட்பட்ட சிறுவர் உயிர்காப்பு உடை அணிந்திருக்க வேண்டும். மாநிலச் சட்டம் வேறு வயதைக் குறித்திருந்தால் அதுவே பொருந்தும். பெற்றோரும் அணிந்தால் பிள்ளைகள் முரண்டு செய்யார். உடை பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்கட்டும். ‘வளர்ந்தபின் சரியாகும்’ என்று பெரிதாக வாங்கினால், நீரில் விழும்போது அது தலைவழியே கழன்றுவிடும்.

குறைந்த பொருளில் குடும்பமாக மகிழ இயலும் என்பதற்கு இப்படகு நல்ல சான்று. ஆயினும் சேமித்த பணத்தில் முதற்பங்கு கம்பிவடத்திற்கும் அச்சாணிக்கும் உயிர்காப்பு உடைக்கும் உரியது. புதிய பாயும் புதுவண்ணமும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கலாம்.