திரைக்கு வரும் தேதியை முடிவு செய்வது யார்?

புது தில்லி: எந்தப் படம் எந்த வெள்ளிக்கிழமை திரைக்கு வருகிறது என்பதை அறிய நாளிதழின் சினிமா விளம்பரப் பக்கத்தைப் புரட்டிய காலம் போய்விட்டது. டிக்கெட் விற்கும் இணையதளங்களில் அடுத்த சில மாதங்களுக்கான படப் பட்டியல் தேதிவாரியாகக் கிடைக்கிறது. விக்கிபீடியாவில் ஒவ்வோர் ஆண்டுக்கும், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. தேதி மாறினால் ஆர்வலர்கள் சில நிமிடங்களில் திருத்தி விடுகின்றனர்.

ஆனால் இந்தப் பட்டியல்களில் காணப்படும் தேதி தயாரிப்பாளரின் விருப்பம் மட்டுமே. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம், தில்லியில் உள்ள தேர்தல் ஆணையம், மாநில அரசுகள், உயர் நீதிமன்றங்கள், சில வேளைகளில் தெருவில் இறங்கும் அமைப்புகள் ஆகிய அனைத்தும் அந்தத் தேதியின் மீது அதிகாரம் செலுத்துகின்றன. அரசியல் வாடை வீசும் படங்களின் தேதி மாற்றங்களைத் தொடர்ந்து கவனித்தாலே போதும். கருத்துச் சுதந்திரம் நாட்டில் எந்த நிலையில் உள்ளது என்பது ஓரளவுக்குப் புரிந்துவிடும்.

நடிகை கங்கனா ரணாவத் இயக்கி, இந்திரா காந்தியாக நடித்த "எமர்ஜென்சி" படத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். முதலில் 2023 நவம்பர் 24 என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் 2024 ஜூன் 14 என்றானது. மக்களவைத் தேர்தல் வந்தது. கங்கனா மண்டி தொகுதியில் பாஜக வேட்பாளராக வென்று எம்.பி. ஆனார், படம் செப்டம்பர் 6-க்குத் தள்ளிப்போனது. சீக்கியர்களைத் தவறாகச் சித்திரிப்பதாகச் சீக்கிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, மும்பை உயர் நீதிமன்றத்தில் மற்றொரு வழக்கு. ஆட்சேபங்களைப் பரிசீலிக்குமாறு ஒரு நீதிமன்றம் கூறியிருக்க, சான்றிதழை உடனே வழங்குமாறு உத்தரவிட இயலாது என்றது மற்றொன்று. வாரியம் முடிவெடுக்காமல் காலம் கடத்துவதை மும்பை உயர் நீதிமன்றம் பின்னர் கண்டித்தது. ஒருவழியாக 2025 ஜனவரி 17-ல் படம் வெளியானது. அன்றும் பஞ்சாபில் பல திரையரங்குகள் அதைத் திரையிடவில்லை. நெருக்கடி நிலையைச் சாடும் படத்தை எடுத்தவர் ஆளும் கட்சியின் எம்.பி.; சான்றிதழ் வழங்கும் வாரியம் அதே கட்சி தலைமையிலான அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. அவருக்கே இந்தப் பாடு என்றால், அரசியல் பின்புலமோ பண பலமோ இல்லாத தயாரிப்பாளரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆளும் கட்சிக்குச் சாதகமான படமும் தேதியை இழந்தது உண்டு. விவேக் ஓபராய் நடித்த "பிஎம் நரேந்திர மோடி" 2019 ஏப்ரல் 11-ல், அதாவது மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு நாளிலேயே வெளியாவதாக இருந்தது. தேர்தல் ஆணையமே இதை முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 9-ல் ஒதுங்கிக் கொண்டது. மறுநாளே ஆணையம் தடை விதித்தது. வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாளான மே 24-ல்தான் படம் திரைக்கு வந்தது.

தெருவின் அதிகாரத்துக்கு "பத்மாவத்" சாட்சி. படப்பிடிப்பின்போதே ஜெய்ப்பூரிலும் கோலாப்பூரிலும் வன்முறையைச் சந்தித்த அப்படம் 2017 டிசம்பர் 1-ல் வெளியாக வேண்டியது. கதை வரலாறா, கற்பனையா என்பதைக் குறிப்பிட வேண்டிய இடம் நிரப்பப்படவில்லை என்று கூறி வாரியம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. விதிப்படி பரிசீலனைக்கு 68 நாள் அவகாசம் உண்டு என்ற வாதமும் அப்போதுதான் பரவலாகப் பேசப்பட்டது. வாரியம் பார்க்காத படத்தைப் பற்றி முதலமைச்சர்களும் அமைச்சர்களும் தீர்ப்புச் சொல்லிக் கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது. "பத்மாவதி" என்ற பெயர் "பத்மாவத்" ஆன பிறகு சான்றிதழ் கிடைத்தும், குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஹரியாணா மாநிலங்கள் படத்தை அனுமதிக்க மறுத்தன. 2018 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் தடை உத்தரவுகளை நிறுத்தி வைத்தது. ஒரு வாரத்தில் படம் வெளியானது.

இந்தப் பிரச்னையில் சட்டம் தெளிவாகவே உள்ளது என்பதுதான் வேடிக்கை. இட ஒதுக்கீட்டை விமர்சித்த "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989-ல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை மூளும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை முடக்க முடியாது. சட்டம்-ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று அப்போதே கூறப்பட்டுவிட்டது. உத்தரப் பிரதேசம் "ஆரக்ஷண்" படத்துக்கு விதித்த தடையை 2011-ல் நீக்கியபோதும் இதே நெறிதான் வலியுறுத்தப்பட்டது. தீர்ப்புக்குப் பஞ்சமில்லை, தீர்ப்பு வருவதற்குள் வெள்ளிக்கிழமை கடந்துவிடுகிறது. படத் தொழிலில் முதல் மூன்று நாள் வசூல்தான் உயிர்நாடி என்பதைத் தடை கோருவோரும் நன்கறிவர். வழக்கில் தோற்றாலும் தேதியைக் கெடுத்துவிட்டால் பாதி வெற்றி.

இந்த அவசரத்துக்குப் பயன்பட்ட ஓர் அமைப்பும் இப்போது இல்லை. வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிடத் தில்லியில் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இயங்கி வந்தது. 2017-ல் வாரியம் சான்றிதழ் மறுத்த "லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா" படத்துக்கு "ஏ" சான்றிதழ் வழங்குமாறு உத்தரவிட்டது அந்தத் தீர்ப்பாயமே. அவ்வாண்டு ஜூலையில் படம் வெளியானது. 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் மூலம் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. இப்போது தயாரிப்பாளர் நேரே உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். நிலுவை வழக்குகளால் திணறும் நீதிமன்றங்களுக்கு இது கூடுதல் சுமை.

2023-ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. பரிசீலனைக் காலம் குறைக்கப்பட்டது. வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டால் படத்தை முன்னுரிமை அடிப்படையில் பார்க்கவும் வழி செய்யப்பட்டது. விண்ணப்பம் முழுவதும் இணையவழி. நல்ல மாற்றங்களே. ஆனால் மறு ஆய்வுக் குழுவுக்குப் படம் அனுப்பப்பட்டுவிட்டால் எல்லாக் கணக்கும் தவறிவிடும் என்ற நிலை மட்டும் மாறவில்லை. படம் எந்த நிலையில், எந்தக் காரணத்தால் நிற்கிறது என்பதை வாரியமே தனது இணையதளத்தில் அறிவித்தால் பாதி வதந்திகள் அடங்கும்.

திரையரங்கு கிடைக்காவிட்டால் ஓடிடி இருக்கிறதே என்ற வாதம் உண்டு. இணையத்தில் வெளியாகும் படங்களுக்கு முன்தணிக்கை கிடையாது. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனங்களே வயதுப் பிரிவைக் குறிக்கின்றன. எனினும் போலீஸ் அராஜகத்தையும் ஜாதிக் கொடுமையையும் பேசும் "சந்தோஷ்" என்ற ஹிந்திப் படத்துக்கு வாரியம் கேட்ட வெட்டுகளால் திரையரங்கு வெளியீடு நின்றது. 2025 அக்டோபர் 17-ல் ஓடிடியில் வரும் என்று அறிவிக்கப்பட்டு அதுவும் ரத்தானது. நயன்தாரா நடித்த "அன்னபூரணி", வாரியத்தின் சான்றிதழுடன் திரையரங்குகளில் ஓடி முடிந்த பிறகு, புகார்கள் காரணமாக 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் இருந்து அகற்றப்பட்டது. பட்டியலில் தேதி ஏறுவது மட்டுமல்ல, வெளியான படம் பட்டியலில் இருந்தே மறைவதும் இப்போது நடக்கிறது.

இந்த வரிசையில் தமிழகம் அண்மையில் கண்டது "ஜன நாயகன்". 2024-ல் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கிய விஜய்யின் கடைசிப் படம் என்று விளம்பரம் செய்யப்பட்ட அது, 2026 ஜனவரி 9-ல் வெளியாவதாக உலகெங்கும் அறிவிக்கப்பட்டு முன்பதிவும் நடந்தது. சென்னையில் பார்த்த ஆய்வுக் குழு சில வெட்டுகளுடன் "யு/ஏ" சான்றிதழுக்குப் பரிந்துரைத்திருந்தது. குழு உறுப்பினர் ஒருவரே புகார் அளித்ததாகக் கூறி, வெளியீட்டுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், மறு ஆய்வுக்கு அனுப்ப வாரியம் முடிவு செய்தது. ஜனவரி 9 காலையில் தனி நீதிபதி சான்றிதழ் வழங்க உத்தரவிட்டார். அன்றே தலைமை நீதிபதி அமர்வு அதற்குத் தடை விதித்தது. தயாரிப்பு நிறுவனம் தில்லிக்கு வந்தது. தலையிட மறுத்த உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தையே அணுகுமாறு கூறியது. அன்று ஜனவரி 15, பொங்கல் திருநாள்.