அம்மாவும் ஸ்டேப்ளர் சத்தமும்

ஆபீஸில் போன வருஷம் பெற்றோருக்கும் சேர்த்து இலவச உடல் பரிசோதனை என்றார்கள். 'ஓசிதானே' என்று பிரம்மதேசத்திலிருந்து அம்மாவை வரவழைத்தேன். சர்க்கரையைப் பிடிக்கப் போன இடத்தில் மாட்டியது வேறு! மேமோகிராமில் இடது மார்பில் சின்னதாக ஒரு நிழல். 'பை-ராட்ஸ் 4' என்று ரிப்போர்ட்.

நாலு என்றால் 'சந்தேகம், திசுவை எடுத்துப் பார்' என்று அர்த்தமாம். பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியானால்தான் ஆறு. இதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு.

விஷயம் ஊருக்குள் போனதும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தீர்ப்பே எழுதிவிட்டார். "அதுல ஊசி பட்டுச்சுன்னா உடம்பு பூரா பரவிடும்டி. சும்மா வுட்டுடு!"

அம்மா அதையே பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் ஓடியது. ஒரு தடவை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டல" என்று திரும்பிப் போய்விட்டார். அக்கா, தங்கச்சி இருந்தால் பேசியிருப்பார்கள். நான் ஒற்றைப் பிள்ளை. 'மார்பு' என்கிற வார்த்தையை அம்மாவிடம் எப்படிச் சார் சொல்வது? சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஊசியால் நோய் பரவி ஆயுள் குறையும் என்பதற்கு ஆதாரமே இல்லை. தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் பிறந்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில், 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா நோயோடு சேர்த்து இந்தப் பயத்தையும்தான் வாழ்நாளெல்லாம் எதிர்த்தார்.

ஒருவழியாகப் புதுச்சேரி ஜிப்மர். "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பது முதல் கேள்வி. முன்பக்கம் திறக்கிற ரவிக்கை நல்லது. மரத்துப்போக ஊசி போடுகிறார்கள்; சுருக்கென்கிற வலி அதோடு சரி. ஸ்கேனில் பார்த்தபடியே இன்னொரு ஊசியை நுழைத்து, நூல் மாதிரி சில துணுக்குகள் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 'டக்' என்று சத்தம். கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது. அசல் எங்க ஆபீஸ் ஸ்டேப்ளர்! தையல் கிடையாது, பிளாஸ்திரிதான். கொஞ்சம் கன்றிப்போகும், ரெண்டு நாள் தண்ணிக்குடம் தூக்கக்கூடாது. (அம்மா தூக்கினார்.)

கொடுமை காத்திருப்பதுதான். துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, அப்புறம்தான் மைக்ராஸ்கோப். ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் நான் போட்ட கணக்கெல்லாம் தப்பு, மேனேஜர் சாட்சி.

ரிப்போர்ட்: புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

ராத்திரி அம்மா போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி... பெரியம்மாவுக்கு மார்ல ஒரு வருஷமா கட்டி இருக்குதாம்டா. என்கிட்ட மட்டும் சொல்லிச்சு. திங்கக்கெழம லீவு கெடைக்குமா?"

சி.எல். ரெண்டு பாக்கி இருந்தது.