வெயிலுக்குப் பயப்படும் விமான நிலையம்

வெளியூர் போகச் சாலையும் கிடையாது, ரயிலும் கிடையாது. அப்படி ஒரு தலைநகரம் இருக்கிறது, தெரியுமா சுட்டிகளே? கனடாவின் வடக்கே, பாஃபின் தீவில் உள்ள இக்காலுயிட்தான் அது. நுனாவுட் என்ற பிரதேசத்தின் தலைநகர். மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம். அவர்களில் பாதிக்கு மேல் இனுயிட் என்ற பூர்வகுடி மக்கள். கோடையில் சில மாதங்கள்தான் கடல் கப்பலுக்கு வழிவிடும். மற்ற நாட்களில் கடல் உறைந்து கிடக்கும். அப்போது பழம், மருந்து, தபால் எல்லாம் விமானத்தில்தான் வந்தாக வேண்டும்.

வழக்கமாக ஊருக்காக விமான நிலையம் கட்டுவார்கள். இங்கே கதை தலைகீழ். இரண்டாம் உலகப் போரின்போது, ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள 1942-இல் அமெரிக்க ராணுவம் இங்கே ஓடுதளம் அமைக்கத் தொடங்கியது. அதைச் சுற்றித்தான் இன்றைய ஊர் வளர்ந்தது.

சனவரியில் இங்கே சராசரி வெப்பநிலை மைனஸ் 27 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இந்தக் குளிரில் விமானம் பறக்குமா? நன்றாகவே பறக்கும்! குளிர்ந்தால் காற்று சுருங்கி அடர்த்தியாகிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காற்றைவிட, மைனஸ் 30 டிகிரி காற்று கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் அடர்த்தி கொண்டது. அடர்த்தியான காற்று இறக்கையை நன்றாகத் தூக்கும். இன்ஜினுக்கும் அதிக விசை கிடைக்கும். விமானம் சீக்கிரமே மேலே எழும்பிவிடும்.

ஆனால் குளிர் ஒரு குறும்பும் செய்யும். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிடுகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். குளிர்க்காற்று சுருங்கிக் கிடப்பதால், அந்த அழுத்தம் வழக்கத்தைவிடத் தாழ்வான இடத்திலேயே குறைந்துவிடுகிறது. கருவி ஏமாந்துபோகும். தரையில் மைனஸ் 30 டிகிரி இருக்கும் நாளில் அது 1,000 அடி என்று காட்டினால், விமானம் உண்மையில் ஏறக்குறைய 840 அடியில்தான் இருக்கும்! அதனால்தான் கடுங்குளிரில் விமானிகள் ஒரு அட்டவணையைப் பார்த்துக் கூடுதல் உயரத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட குளிரைத் தேடிக்கொண்டு வருபவர்களும் உண்டு. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380, பயணிகளை ஏற்றத் தொடங்கும் முன்பே, 2006-இல் இங்கே வந்து குளிர்ச் சோதனையில் தேறியது. 2014-இல் ஏ350 விமானமும் வந்துபோனது.

அப்படியானால் இந்த விமான நிலையத்துக்கு எதைக் கண்டால் பயம்? வெயிலைக் கண்டால்தான்!

காரணம் தரைக்குள் இருக்கிறது. இங்கே மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். இதற்கு உறைநிலம் என்று பெயர். கோடையில் மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டும் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். மண்ணுக்குள் ஆங்காங்கே ஆப்பு வடிவப் பனிக்கட்டிகளும் புதைந்திருக்கும். உறைந்திருக்கும் வரை இந்த நிலம் பாறைபோல் உறுதியாக இருக்கும். பனி உருகினாலோ மண் அமிழ்ந்துவிடும்.

ஓடுதளமோ கறுப்புத் தார்! கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சி, வெப்பத்தைக் கீழே அனுப்புகிறது. உள்ளே இருக்கும் பனி உருகியதால் இக்காலுயிட் விமான நிலையத்தின் தார்ப்பரப்பில் விரிசலும் பள்ளமும் விழுந்து, பழுதுபார்க்க வேண்டி வந்தது. பக்கத்துக் கிரீன்லாந்தில் அப்போது துலே எனப்பட்ட விமான தளத்தில் இதைத் தடுக்க ஓடுதளத்துக்கு வெள்ளைச் சாயமே பூசினார்கள்.

கட்டடங்களுக்கு இன்னொரு தந்திரம் உண்டு. இந்த ஊரின் பெரிய கட்டடங்கள் சிலவற்றின் அடியில் கார்பன் டை ஆக்சைடு அடைத்த குழாய்கள் புதைந்திருக்கின்றன. மண்ணின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு குழாயின் அடியில் உள்ள திரவம் ஆவியாகும்; ஆவி மேலே ஏறும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் குளிர்க்காற்று பட்டு மறுபடி திரவமாகிக் கீழே வடியும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். குளிர்காலம் முழுக்க மண்ணிலிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

பூமி சூடேறச் சூடேற, வடதுருவப் பகுதிகள் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடேறுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி வானம் வழியாக மட்டுமே உலகத்தோடு தொடர்பு வைத்திருக்கும் ஊர்களுக்கு இது பெரிய கவலை.

கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சுவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளைத் தனித்தனித் தட்டில் வையுங்கள். ஒன்றின்மேல் கறுப்புத் தாள், மற்றதன்மேல் வெள்ளைத் தாள் படும்படி போட்டு, மொட்டைமாடி வெயிலில் விடுங்கள். எது முதலில் உருகுகிறது, எத்தனை நிமிடம் முன்னதாக உருகுகிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.