உங்களுக்குத் தெரியுமா? – தடம் மாறிய ‘மர்மதேசம்’

1990-களில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ தொடரின் முதல் கதை ‘ரகசியம்’. சித்தர்களின் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றியே அது நகர்ந்தது. அடுத்து வந்த ‘விடாது கருப்பு’ முற்றிலும் வேறு தடத்தில் இறங்கியது. ஊரும் பாத்திரங்களும் புதிது. குதிரையேறி அரிவாளோடு வந்து தண்டிப்பது காவல் தெய்வம்தான் என்று கிராமமே நடுங்கியது. விடையோ மனநல மருத்துவத்தில், பிளவுபட்ட ஆளுமையில் கிடைத்தது. தமிழ்ச் சின்னத்திரையின் துணிச்சலான திருப்பம் என்று இதையே சொல்வேன்.

இவ்விரு கதைகளையும் தந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனும் இயக்குநர் நாகாவும், பின்னர் ‘சிதம்பர ரகசிய’த்தில் நாடி ஜோதிடத்தைக் கையில் எடுத்தார்கள். சிதம்பரம் கோயிலில் அந்தப் பெயருக்குரியது, நடராசருக்குப் பக்கத்தில் திரையை விலக்கினால் தெரியும் வெற்றிடமும் அதில் தொங்கும் பொன் வில்வ மாலையும்.