செல்லுக்குள் ஒரு பயணம் – 9: சுவரை அறுக்கும் மருந்து

சென்ற வாரம் செல் சவ்வைப் பார்த்தோம். தாவரம், விலங்கு, பாக்டீரியா மூன்றுக்கும் அது பொது. தாவரமும் பாக்டீரியாவும் அதற்கு வெளியே ஒரு சுவரையும் எழுப்பிக்கொள்கின்றன. நமக்கு அது கிடையாது. காய்ச்சலிலும் புண்ணிலும் மாண்டிருக்க வேண்டிய கோடிக்கணக்கானோர் இன்று உயிரோடிருக்க இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

தாவரத்தின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. உள்ளே நுண்குமிழில் நீர் நிறைந்து அழுத்த, சுவர் அதைத் தாங்குகிறது. வாடிய செடி தண்ணீர் கண்டதும் நிமிர்வது இதனால்தான்.

பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கானால் ஆனது. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டையான அமினோ அமிலத் தொடர்கள் குறுக்கே பிணைக்கின்றன, கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல. பாக்டீரியா வளர வேண்டுமானால் பழைய பிணைப்புகளை அறுத்துப் புதியவற்றைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பெனிசிலின் கைவைப்பது அங்கேதான். 1928-ல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் அதைக் கண்டறிந்தார். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் செலுத்தியது. பெனிசிலின் பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் செத்தன.

குறுக்குப் பிணைப்பைப் போடும் நொதியைப் பெனிசிலின் முடக்கிவிடுகிறது. அறுப்பு தொடர்கிறது, பிணைப்பு நின்றுபோகிறது. உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. நம் செல்லில் அந்தச் சுவரும் இல்லை, அந்த நொதியும் இல்லை. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவிடம் பெனிசிலின் பலிக்காததும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு வேறுபாடு, புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் இருக்கிறது. பாக்டீரியாவினுடையது 70 எஸ் வகை. நம் செல்லின் சைட்டோபிளாசத்தில் இருப்பது அதைவிடப் பெரிய 80 எஸ். ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் தாக்குவது முதல் வகையை. அதன் சிறிய பாதியில் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது, இம்மருந்துகள் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதை 2000-ல் காட்டியவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தனையும் தெரிந்த பிறகு ஒரு வேண்டுகோள். சளிக்குக் காரணமான வைரஸுக்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. அது ஒரு செல்லே அல்ல. அதற்கு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. குடலில் நமக்கு உதவும் பாக்டீரியாக்கள்தான் அழியும். மருந்துக்கு அசையாதவை தப்பிப் பெருகும். மருத்துவர் எழுதித் தராமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

நம் செல்லுக்குள்ளும் பாக்டீரியா வகை ரைபோசோமை வைத்திருக்கும் நுண்ணுறுப்பு ஒன்று உண்டு: மைட்டோகாண்ட்ரியா. அது அங்கே வந்த வரலாறு அடுத்த வாரம்.

(தொடரும்)