விரிசலின் நுனியில் ஒரு வாயு

1875-இல் வில்லியம் ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு விநோதத்தைத் தெரிவித்தார். இரும்புக் கம்பியை அமிலத்தில் சிறிது நேரம் போட்டு எடுத்தால், வளைய வேண்டிய கம்பி படக்கென்று முறிகிறது. முறிந்த முனையை நனைத்தால் குமிழ்கள் நுரைத்து வருகின்றன. சில நாள் சும்மா வைத்திருந்தால் கம்பிக்குப் பழைய உறுதி திரும்பிவிடுகிறது! அமிலத்திலிருந்து பிறந்த ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்ததுதான் காரணம்.

அழுத்தத்தில் அடைத்த ஹைட்ரஜனும் இதையே செய்கிறது. எஃகின் பரப்பில் அதன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரியும். அவை இரும்பு அணுக்களுக்கு நடுவே நகர்ந்து, உலோகம் எங்கே மிக அதிகமாக இழுபட்டு நிற்கிறதோ அங்கே போய்ச் சேரும். அந்த இடம் பெரும்பாலும் ஒரு விரிசலின் நுனி.

ஹைட்ரஜனைச் சேமிக்கும் எஃகுக் கலனை நிரப்பும்போது அதன் சுவர் விரிகிறது, காலி செய்யும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் சுவரிலுள்ள விரிசல் சிறிது சிறிதாக நீளும். ஹைட்ரஜன் சூழலில் இந்த வளர்ச்சி, காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேகமாகலாம். அதனால் கலனின் வயதை மட்டும் கேட்டுப் பயனில்லை. ஐம்பது ஆண்டுகள் நிரம்பியபடியே கிடந்த கலனைவிட, தினமும் நிரம்பிக் காலியாகும் பத்தாண்டுக் கலன் அதிகம் தளர்ந்திருக்கலாம். இன்னொன்றும் வியப்பானது: எஃகு எவ்வளவு வலுவானதோ, பொதுவாக அவ்வளவு எளிதாக ஹைட்ரஜனுக்குப் பலியாகும்.

நாசாவிடம் 1950, 60-களில் செய்த உயர் அழுத்தக் கலன்கள் பல இன்றும் பணியில் உள்ளன. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் பற்றவைத்த அடுக்குக் கலன்கள் அவை. இவற்றைச் சோதிப்பது கடினம். விரிசலைத் தேட அனுப்பும் மீயொலி அலை தொடர்ச்சியான உலோகத்தில்தான் ஓடும். அடுக்குகளுக்கு இடையிலுள்ள நூலிழை இடைவெளியே அதைத் தடுத்துவிடும். ஆனால் இதே அமைப்பில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. வெளி அடுக்குகளில் சிறு துளைகள் இட்டிருப்பார்கள். உள்ளடுக்கு கசிந்தால் வாயு துளை வழியே வெளியேறும், அடுக்குகளுக்கு இடையே தேங்காது.

இந்தத் துளை உத்திக்கு முன்னோடி வேதியியலாளர் கார்ல் போஷ். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் கடும் சூட்டில் ஹைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா தயாரிக்க முயன்றபோது அவருடைய எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் எஃகின் கார்பனையே தின்றுவிட்டது. சாதாரண வெப்பநிலையில் இயங்கும் சேமிப்புக் கலன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. போஷ் உள்ளே கார்பன் குறைந்த மென்னிரும்பை வைத்து, வெளியே துளையிட்ட எஃகைப் பொருத்தினார். மென்னிரும்பை ஊடுருவிய வாயு துளை வழியே வெளியேறியது, எஃகு தப்பியது.

பழைய கலனை மதிப்பிடுபவர்கள் தண்ணீர் நிரப்பியும் அழுத்திப் பார்க்கிறார்கள். தண்ணீர் அழுத்தினாலும் அதிகம் சுருங்காது. ஆகவே கலன் உடைந்தாலும் வாயுவைப் போல வெடித்துச் சிதறாது. ஆனால் அந்தச் சோதனை இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். நாளையைச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும். கருவியின் கண்ணுக்குத் தப்பக்கூடிய மிகப் பெரிய விரிசல் உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொள்கிறார்கள். ஹைட்ரஜனில் அளந்த வளர்ச்சி வேகத்தைக் கொண்டு, அது உடையும் அளவை எட்ட எத்தனை முறை நிரப்ப வேண்டும் என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு வெகு முன்னதாகவே அடுத்த ஆய்வு நடந்தாக வேண்டும்.

இந்தக் கணக்குக்கு எந்த எஃகு, எத்தனை முறை, எவ்வளவு அழுத்தம் என்ற பதிவுகள் தேவை. இப்போது ஹைட்ரஜன் கலன்களை நிறுவுகிறவர்களே, முதல் நாள் முதலே ஒவ்வொரு நிரப்பலையும் எழுதி வையுங்கள்.